யார் என்று கேளுங்கள், கதவு மூடியே இருக்கட்டும்

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்களோ இல்லையோ, இங்கிலாந்து வாசகர்களின் கடிதங்களும் மாறிவிட்டன. நாலரை மணிக்கெல்லாம் இருட்டு. வீட்டில் இருப்பது வயதானவர்கள் அல்லது பள்ளி விட்டு வந்த பிள்ளைகள். அந்த நேரத்தில் யாரோ மணி அடித்தால் என்ன செய்வது என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள். அதனால் விசா, பள்ளிச் சேர்க்கைக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, இந்த மாதம் வாசற்கதவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சொல்வதெல்லாம் இங்கிலாந்து நடைமுறை. கனடா, ஆஸ்திரேலியா வாசகர்கள் தொலைபேசி எண்களையும் சட்டத்தையும் உங்கள் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகளின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள கும்பகோணத்திலிருந்து ஹாரோ வந்திருக்கிறேன். பகலில் நானும் கைக்குழந்தையும் மட்டும்தான். போன வாரம் ஒருவர் மணி அடித்தார். கழுத்தில் அட்டை தொங்கியது, 'மீட்டர்' என்ற சொல் மட்டும் புரிந்தது. உள்ளே விட்டேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மீட்டரைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மாலையில் மகள் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். வீடு தேடி வந்தவரை வெளியே நிறுத்தி வைத்துப் பேச எனக்கு மனசு ஒப்பவில்லை. அவர் உண்மையான ஆளாக இருந்தால் அவமானப்படுத்தியது போல ஆகாதா?
- ஒரு வாசகி, ஹாரோ

பதில்: ஆகாது அம்மா. மீட்டர் பார்க்கிறவர், பார்சல் கொண்டு வருகிறவர், கவுன்சில் ஆள் எல்லாருமே தினமும் எத்தனையோ வீட்டு மணியை அடிக்கிறவர்கள். மூடின கதவுக்குப் பின்னால் இருந்து குரல் வருவது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம், யாரும் மனம் நோக மாட்டார்கள். உண்மையான ஆள் காத்திருப்பார், இல்லையென்றால் ஒரு சீட்டைப் போட்டுவிட்டுப் போய் இன்னொரு நாள் வருவார். அவசரப்படுத்துகிறவரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கழுத்து அட்டையை நம்பாதீர்கள். அதை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். அட்டையில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து விசாரிப்பதும் வீண்வேலை, எடுப்பது அவருடைய கூட்டாளியாகவே இருக்கலாம். மின்சார பில்லில் இருக்கும் எண்ணுக்கு அடித்துக் கேட்பதுதான் முறை. அதுவரை அவர் வெளியே நிற்கட்டும், மழை பெய்தாலும் நிற்கட்டும்.

உங்கள் மகளிடம் ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். மின்சாரம், கேஸ், தண்ணீர் கம்பெனிகள் ஒவ்வொன்றும் 'ப்ரயாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டர்' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன, இலவசம். வயதானவர்கள், ஐந்து வயதுக்குள் குழந்தை இருக்கும் வீடு, ஆங்கிலம் சரியாகப் பேச வராதவர்கள் எல்லாரும் இதில் சேரலாம். உங்கள் வீட்டுக்கு இது எல்லா வகையிலும் பொருந்துகிறது. சேரும்போது ஒரு ரகசியச் சொல் கொடுத்து வைக்கலாம். கம்பெனி ஆள் வந்தால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கதவு திறக்காது. கும்பகோணத்துத் தெருப் பெயர் எதையாவது கொடுங்கள், உங்களுக்கும் மறக்காது, வெளியாளுக்கும் ஊகிக்க வராது.

தண்ணீர் கம்பெனி என்று சொல்லிக்கொண்டு வருவதுதான் இந்த ஊரில் ரொம்பப் பழைய தந்திரம். 'பக்கத்துத் தெருவில் குழாய் உடைந்துவிட்டது, உங்கள் தண்ணீரைச் சோதிக்க வேண்டும்' என்பார். உங்களைச் சமையலறைக்கு அழைத்துப் போய், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று நிறுத்தி வைப்பார். தண்ணீர் சத்தத்தில் வேறொன்றும் காதில் விழாது. அந்த ஐந்து நிமிடத்தில் இன்னொருவன் முன்கதவு வழியாக மாடிக்குப் போய் படுக்கையறை அலமாரியைத் துழாவிவிட்டு இறங்கிப் போயிருப்பான். 'கேஸ் கசிகிறது' என்று பதறிக்கொண்டு வருவதும் இதே வகைதான். உங்கள் மூக்கிலேயே கேஸ் வாடை பட்டால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், 0800 111 999க்கு நீங்கள் அடியுங்கள்.

அதற்காக மணி அடித்தால் மூச்சுக் காட்டாமல் உள்ளே ஒளிந்து உட்காராதீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், அது ஆபத்து. பகலில் திருட வருகிறவன் முதலில் மணி அடித்துத்தான் பார்ப்பான். பதில் வராவிட்டால் வீடு காலி என்று நினைத்துப் பின்பக்கம் போவான். அதனால் குரல் கொடுங்கள், கதவை மட்டும் திறக்காதீர்கள். மாடி ஜன்னலிலிருந்து பேசுவது இன்னும் நல்லது. 'ஹூ இஸ் இட்?' என்று கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் 'சாரி, நாட் டுடே, ப்ளீஸ் லீவ் எ நோட்' என்று சொல்லி முடித்துவிடுங்கள். 'மகள் ஆறு மணிக்கு வருவாள், அப்புறம் வாங்க' என்று மட்டும் வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள், ஆறு மணி வரை நீங்கள் தனி என்று நீங்களே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். முன்கதவுக்குப் போகும் முன் பின்கதவு பூட்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

போகாமல் நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தால் 999. எடுத்தவுடன் 'போலீஸ்' என்று சொல்லுங்கள், அப்புறம் 'தமிழ் இண்டர்பிரட்டர் ப்ளீஸ்'. போனிலேயே மொழிபெயர்ப்பாளரை இணைத்துத் தருவார்கள், ஆங்கிலம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். பேசினால் வெளியே கேட்டுவிடும் என்ற நிலை வந்தால், கைபேசியிலிருந்து 999 அடித்துவிட்டுச் சும்மா இருங்கள், பதிவு செய்த குரல் வரும்போது 55ஐ அழுத்துங்கள். அழைப்பு போலீஸுக்குப் போய்விடும். 55 அழுத்தினால் இருப்பிடம் தானாகத் தெரிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அவர்கள் மெதுவாகக் கேள்வி கேட்பார்கள், முடிந்த அளவுக்குத் தட்டியோ இருமியோ பதில் தர வேண்டும்.

மகளுக்கும் ஒரு வார்த்தை. அம்மாவைக் கடிந்துகொண்டு பயன் இல்லை. மேலே சொன்ன ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதி, வீட்டு முகவரியையும் போஸ்ட்கோடையும் சேர்த்து, கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். ஒரு சனிக்கிழமை நீங்களே வெளியே நின்று மணி அடித்து, மீட்டர்காரராக நடித்து, அம்மாவைப் பழக்குங்கள்.

கேள்வி: டிசம்பரில் மதுரையில் கல்யாணம், நாலைந்து வாரம் குடும்பத்தோடு போகிறோம். ஸ்லவ் பக்கம் வாடகை வீடு. மனைவியின் நகைகள் இங்கேதான் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஊருக்கு எடுத்துப் போக விருப்பமில்லை. வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, அது போதாதா?
- ஒரு வாசகர், ஸ்லவ்

பதில்: போதாது என்றுதான் நினைக்கிறேன், பாலிசியை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். இரண்டு இடத்தைத் தேடுங்கள். ஒன்று, ஒரு பொருளுக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவார்கள் என்பது. பல பாலிசிகளில் 1,500 அல்லது 2,000 பவுண்டோடு நின்றுவிடும், அதற்கு மேல் மதிப்புள்ளதைப் பெயர் சொல்லித் தனியாகப் பதிய வேண்டும். இன்றைய தங்க விலையில் ஒரு நடுத்தர ஆரமே அந்த வரம்பைத் தாண்டிவிடும். இரண்டாவது, வீடு எத்தனை நாள் பூட்டிக் கிடக்கலாம் என்பது. நிறையப் பாலிசிகளில் 30 நாள்தான், சிலவற்றில் 60. நீங்கள் ஐந்து வாரம் போய், முப்பத்திரண்டாம் நாள் திருட்டு நடந்தால் கம்பெனி கையை விரித்துவிடும். போன் செய்து முன்கூட்டியே சொன்னால் நீட்டித்துத் தருகிறவர்களும் உண்டு, சும்மா கேளுங்கள்.

நம் வீடுகளில் 22 காரட் தங்கம் இருக்கும் என்பது இங்கே திருடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். தீபாவளி, நவராத்திரி வந்தாலே இங்கிலாந்தின் பல போலீஸ் படைகள் ஆசியக் குடும்பங்களுக்கு எச்சரிக்கை விடுவது இதனால்தான். தங்கத்தை உருக்கிவிட்டால் அடையாளமே இருக்காது. ஆகவே போகும் முன் ஒவ்வொரு நகையையும் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள், எடையை எழுதி வையுங்கள், பில் இருந்தால் சேர்த்து ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். அம்மா வீட்டில் போட்ட நகைக்குப் பில் ஏது என்பீர்கள். அப்படியானால் இங்கே ஒரு நகை மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் மதிப்பு வாங்குங்கள், செலவானாலும் பரவாயில்லை. கல்யாணத்தில் மனைவி அந்த நகையைப் போட்டிருக்கும் படம் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள், உடைமைக்கு அது நல்ல சான்று.

நகையை வீட்டில் வைக்காமல் இருப்பதுதான் என் யோசனை. வங்கி லாக்கர் இங்கே அநேகமாக மறைந்துவிட்டது, ஆனால் தனியார் பெட்டக நிறுவனங்கள் லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கின்றன. 2015 ஈஸ்டர் விடுமுறையில் லண்டனின் நகைக்கடைப் பகுதியான ஹாட்டன் கார்டனில் கான்கிரீட் சுவரைத் துளைத்துப் பெட்டகங்களைக் கொள்ளையடித்தது பலருக்கு நினைவிருக்கும். அதைச் சொல்லிப் பயப்படுகிறவர்கள் உண்டு. இருந்தாலும் படுக்கை மெத்தைக்கு அடியிலும், அரிசி டப்பாவுக்குள்ளும், சாமி மாடத்துக்குப் பின்னாலும் வைப்பதைவிட அது எவ்வளவோ மேல், அந்த இடங்களையெல்லாம் அவர்கள் முதலில் பார்க்கிறார்கள். பெட்டகத்தில் வைக்கும்போது உள்ளே இருப்பதற்கு எவ்வளவு தொகைக்கு இன்சூரன்ஸ் என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

இனிக் கதவு. நீங்கள் சொல்லும் வீட்டில் பெரும்பாலும் வெள்ளை யுபிவிசி பிளாஸ்டிக் கதவாகத்தான் இருக்கும். அதை இழுத்துச் சாத்தினால் 'டக்' என்று சத்தம் கேட்கும், பூட்டிவிட்டது என்று நினைத்துக் கிளம்பிவிடுவோம். பூட்டவில்லை. ஒரு சின்ன நாக்கு மட்டும்தான் மாட்டியிருக்கும். கைப்பிடியை மேலே தூக்குங்கள், கதவின் ஓரத்தில் மேலும் கீழும் கொக்கிகள் நகர்வது கையில் தெரியும், அதற்குப் பிறகு சாவியைத் திருப்பினால்தான் அந்தக் கொக்கிகள் சட்டத்துக்குள் இறுகும். தெருமுனைக் கடைக்குப் போனாலும் இப்படிப் பூட்டித்தான் போக வேண்டும். உடைத்து நுழைந்த தடயம் இல்லாவிட்டால் இன்சூரன்ஸில் பணம் தர மறுக்கும் பாலிசிகளும் உண்டு என்பதை மறக்காதீர்கள்.

அதே கதவில் சாவி போடும் உருளையைக் கவனியுங்கள். வெளிப்பக்கத் தகட்டைவிட மூன்று மில்லிமீட்டருக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தால் அதை இடுக்கியால் பிடித்து ஒடித்துவிடலாம், அதிக நேரமே எடுக்காது. டிஎஸ் 007 மூன்று நட்சத்திரம் அல்லது எஸ்எஸ் 312 டயமண்ட் என்று முத்திரை உள்ள உருளை போட்டால் ஒடிந்தாலும் பூட்டு திறக்காது. வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், பூட்டுக்காரருக்கு அது பெரிய வேலையே இல்லை.

மற்றது எல்லாம் உங்களுக்கே தெரியும்: டைமர் விளக்கு, குப்பைத்தொட்டியை எடுத்து வைக்கப் பக்கத்து வீட்டுக்காரர், தபாலை நிறுத்தி வைக்க ராயல் மெயிலின் 'கீப்சேஃப்' (கட்டணம் உண்டு). விமான நிலையத்தில் எடுத்த குடும்பப் படத்தை ஊரிலிருந்து திரும்பி வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: நாங்கள் ஈஸ்ட் ஹாமில் இந்த வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான். முன்னர் இருந்த ஆளின் பெயரில் கடன் கடிதங்கள் வந்தபடி இருக்கு. நேற்றுக் காலை இரண்டு பேர் வந்து, தாங்கள் பெய்லிஃப் என்றும், கதவைத் திறக்காவிட்டால் உடைத்து உள்ளே வந்து டிவியைத் தூக்குவோம் என்றும் சொன்னார்கள். மனுசி பயந்துபோய் இருக்கிறா. அவர்களுக்கு அப்படி அதிகாரம் இருக்கா?
- ஒரு வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: கவுன்சில் டாக்ஸ், பார்க்கிங் அபராதம், கிரெடிட் கார்டு மாதிரிக் கடன்களுக்கு முதல்முறை வரும் பெய்லிஃப், அதாவது கடனை வசூலிக்க அதிகாரம் பெற்று வருகிற ஆள், கதவை உடைத்து நுழைய முடியாது. உங்களைத் தள்ளிக்கொண்டும் வரக் கூடாது, ஜன்னல் வழியாகவும் வரக் கூடாது. ஆனால் பூட்டாத கதவைத் திறந்துகொண்டு வரலாம், நீங்களே உள்ளே கூப்பிட்டால் வரலாம். அதனால் பூட்டியே வையுங்கள். காலை 6 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் பொதுவாக வரக் கூடாது. வீட்டில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் மட்டும் இருந்தால் உள்ளே வரக் கூடாது. மனைவிக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள், பாதிப் பயம் போய்விடும். விதிவிலக்கும் உண்டு: குற்றவியல் நீதிமன்றம் விதித்த அபராதம் கட்டாமல் இருந்தால் பலத்தைப் பயன்படுத்த அதிகாரம் இருக்கிறது. அதனால் என்ன கடன், எந்த நீதிமன்றம் என்று முதலில் கேட்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் கடன் உங்களுடையதே அல்ல. கதவைத் திறக்காமல், அவருடைய அடையாள அட்டையையும் நீதிமன்றத் தாளையும் தபால் துளை வழியாகக் காட்டச் சொல்லுங்கள். பெயரைப் பார்த்து, நீதி அமைச்சகத்தின் இணையப் பட்டியலில் அந்தப் பெய்லிஃப் இருக்கிறாரா என்று கைபேசியில் தேடுங்கள். வாடகை ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை எப்போதும் தயாராக வைத்திருந்து அதே துளை வழியாகக் கொடுங்கள், மூலத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பென்னி கட்டாதீர்கள், 'இப்போதைக்கு இதில் ஒரு கையெழுத்து' என்றால் போடாதீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால் அடுத்த முறை அவர்களுக்கு அதிகாரம் கூடிவிடும். வாசலில் நிற்கும் காரையும் யோசிக்க வேண்டும், உள்ளே வர முடியாவிட்டால் அதன் சக்கரத்தில் பூட்டுப் போட்டுவிடுவார்கள். கார் வாங்கிய ரசீது கையில் இருக்கட்டும். முன்னவர் பெயரில் வரும் கடிதங்களைச் சேர்த்து வைக்காமல், இந்த விலாசத்தில் இல்லை என்று உறையில் எழுதித் திருப்பி அனுப்புங்கள். நேஷனல் டெப்ட்லைன் 0808 808 4000, காசில்லாமல் ஆலோசனை சொல்வார்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்றும், ஏனென்றால் வேறு மூன்று பேரும் கேட்டிருக்கிறார்கள். டிவி லைசென்ஸ் சோதிக்க வருகிறவருக்கும் வாரண்ட் இல்லாமல் உள்ளே வர உரிமை கிடையாது, நீங்கள் மறுக்கலாம். ஆனால் லைசென்ஸ் வேண்டாம் என்று நம் ஆட்கள் சொல்லும் காரணம் தவறு. 'நாங்கள் பிபிசி பார்ப்பதில்லை, தமிழ்ச் சேனல்தான்' என்கிறார்கள். எந்த நாட்டுச் சேனலானாலும், பெட்டி மூலமோ இணையம் மூலமோ, நேரலையாக ஒளிபரப்பாகும்போதே பார்த்தால் லைசென்ஸ் வேண்டும். சன் டிவி சீரியலை ஒளிபரப்பு நேரத்தில் பார்ப்பதும் அதில் அடக்கம்.

போலீஸ் என்று சொல்லிக்கொண்டு வந்தால்? சில சந்தர்ப்பங்களில் வாரண்ட் இல்லாமலே உள்ளே வர அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது, ஆகவே முரண்டு பிடிக்க வேண்டாம், உறுதி செய்துகொள்ளுங்கள். பெயர், தோள்பட்டை எண், எந்த ஸ்டேஷன் என்று கேட்டுக்கொண்டு 101க்கு, அதாவது அவசரமில்லாத விஷயங்களுக்கான போலீஸ் எண்ணுக்கு அடியுங்கள். உண்மையான அதிகாரி அதற்குக் காத்திருப்பார்.

கேள்வி: லெஸ்டரில் ஐந்து மாணவர்கள் சேர்ந்து தங்கியிருக்கிறோம். வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் சாவி போட்டுத் திறந்துகொண்டு வருகிறார். கேட்டால் 'என் வீடு' என்கிறார்.
- ஒரு மாணவி

பதில்: வீடு அவருடையதுதான், ஆனால் வாடகை கொடுக்கும் வரை அதில் குடியிருக்கும் உரிமை உங்களுடையது. தீ, வெள்ளம் போன்ற அவசரம் தவிர, பழுது பார்க்கவோ சோதிக்கவோ வந்தால் 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். வாயால் சண்டை போடாமல் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், அவர் வந்த தேதிகளை அதில் குறிப்பிடுங்கள். தொடர்ந்தால் பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவுக்கும் கவுன்சிலின் தனியார் வாடகைப் பிரிவுக்கும் போங்கள். வீட்டுக்காரர் அதே வீட்டில் உங்களோடு வசிப்பவரானால் விதி வேறு. அப்புறம் தங்கச்சி, ஐந்து பேர் இருக்கும் வீட்டில் முன்கதவைக் கடைசியாக யார் பூட்டுவது என்று தினமும் பேசிக்கொள்ளுங்கள். ஒருவர் நண்பருக்காகத் திறந்து வைத்த கதவில் வேறு யாரோ நுழைந்து மடிக்கணினிகள் போவது மாணவர் வீடுகளில் சகஜம்.

கேள்வி: இருவரும் வேலைக்குப் போகிறோம். 13 வயது மகளும் 10 வயது மகனும் பள்ளி விட்டு வந்து ஐந்தரை வரை தனியாக இருக்கிறார்கள். சட்டப்படி இது குற்றமா? அவர்களுக்கு என்ன சொல்லி வைக்க வேண்டும்?
- ஒரு தாய், குரொய்டன்

பதில்: இத்தனை வயதுக்கு மேல்தான் தனியாக விடலாம் என்று இங்கிலாந்தில் சட்டம் வயது குறிக்கவில்லை. ஆனால் பிள்ளைக்கு ஆபத்து வரும்படி விட்டால் பெற்றோர்மேல் வழக்கு வரும். 12 வயதுக்குள் இருப்பவர்களை நெடுநேரம் தனியாக விடும் அளவுக்கு முதிர்ச்சி இருப்பது அரிது என்பது குழந்தைகள் நல அமைப்பான என்எஸ்பிசிசியின் கருத்து. உங்கள் மகளால் ஒன்றரை இரண்டு மணி நேரம் தம்பியைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அவளையே கேளுங்கள். பயமாக இருக்கிறது என்று அவள் சொன்னால் பள்ளிக்குப் பிந்தைய கிளப்பில் தம்பியைச் சேர்த்துவிடுங்கள்.

சொல்லி வைக்க வேண்டியது கொஞ்சம்தான். யார் மணி அடித்தாலும் திறக்கக் கூடாது. தெரிந்த அங்கிளாக இருந்தாலும் உங்களுக்குப் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் திறக்க வேண்டும். 'அப்பா அனுப்பினார்' என்று யாராவது வந்தால் குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லைக் கேட்கப் பழக்குங்கள். பார்சல்காரரிடம் 'லீவ் இட் அவுட்சைட் ப்ளீஸ்' என்றால் போதும், கையெழுத்து வேண்டுமென்றால் நாளைக்கு வரட்டும். வீட்டுக்குள் வந்ததும் விளக்கைப் போடும் முன் திரைச்சீலையை இழுத்துவிட வேண்டும். இருட்டிய பிறகு வெளிச்சமான அறையில் இரண்டு பிள்ளைகள் மட்டும் இருப்பது தெருவில் போகிற எல்லாருக்கும் தெரியும்.

சாவியை மிதியடிக்கு அடியிலோ பூந்தொட்டியிலோ வைக்காதீர்கள், கழுத்தில் போட்டு சட்டைக்குள் விடட்டும். உள்ளே வந்த பிறகு அதைக் கதவுப் பக்கத்து ஆணியில் மாட்டும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். தபால் துளை வழியாக நீளமான கம்பியை விட்டு, நுனியில் இருக்கும் கொக்கியாலோ காந்தத்தாலோ சாவிக்கொத்தைத் தூக்கி வெளியே எடுத்துவிடுகிறார்கள். வீட்டுச் சாவியோடு கார் சாவியும் சேர்ந்தே போகும். துளையின் உட்புறம் மாட்டும் மூடி கடைகளில் கிடைக்கிறது. அதே சமயம் சாவி எங்கோ மாடியில் ஒளிந்து கிடக்கவும் கூடாது, தீப்பிடித்தால் பிள்ளைகள் கதவைத் திறந்துகொண்டு ஓட வேண்டும். கதவிலிருந்து எட்டாத, ஆனால் இருட்டிலும் கை போகிற ஒரே இடம் என்று முடிவு செய்து அங்கேயே வைக்கப் பழக்குங்கள்.

கேள்வி: கதவில் கேமரா மணி வைத்தேன். எதிர்வீட்டுப் பெண்மணி தன் வாசலைப் படம் எடுக்கிறேன் என்று சண்டைக்கு வருகிறார். என் பாதுகாப்புக்கு நான் வைக்கக் கூடாதா?
- ஒரு வாசகர், ரெடிங்

பதில்: வைக்கலாம், ஆனால் அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. உங்கள் எல்லைக்கு வெளியே தெருவோ அடுத்தவர் வாசலோ பதிவானால் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். தன் படம் இருக்கும் பதிவை அவர் கேட்டால் கொடுக்க வேண்டும். கேமராவின் கோணத்தைத் திருப்புங்கள், செயலியில் அவர் வீட்டுப் பகுதியை மறைக்க வழி இருக்கும், ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள். முடிந்ததும் அவரைக் கூப்பிட்டு உங்கள் கைபேசியில் படத்தைக் காட்டுங்கள். நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் உங்கள் வாசலில் நிற்கும் அந்நியனை முதலில் பார்க்கப் போவது அந்த எதிர்வீட்டுக்காரர்தான், அவரைப் பகைத்துக்கொண்டு கேமராவை மட்டும் நம்புவது சரியாக வராது.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, அம்மா போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். போன மாதம் ஒருவன் லேண்ட்லைனில் அழைத்து, தான் போலீஸ் என்றும், அப்பாவின் வங்கியில் ஊழியர்களே கள்ளநோட்டு மாற்றுகிறார்கள் என்றும், துப்புத்துலக்க உதவ வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறான். சந்தேகம் இருந்தால் 999க்கு அடித்துக் கேளுங்கள் என்று அவனே சொன்னானாம், அப்பா அடித்தும் கேட்டாராம். பிறகு 6,000 பவுண்ட் எடுத்து, வாசலில் வந்து நின்ற ஒரு பையனிடம் கொடுத்துவிட்டார். யாரிடமும் சொல்லாதே என்று எனக்குச் சத்தியம் கேட்கிறார், சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. என்ன செய்வது?
- ஒரு மகன், நியூ மோல்டன்

பதில்: தம்பி, முதலில் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: அவர் புத்தி கெட்டுப் போய் ஏமாறவில்லை. சந்தேகப்பட்டு, 999க்கு அடித்துச் சரிபார்த்த மனிதர் அவர். அவன் போனை வைத்தது போல நடித்து இணைப்பைத் துண்டிக்காமல் விட்டிருக்கிறான். அப்பா ரிசீவரை எடுத்து எண்களை அழுத்தியபோதும் மறுமுனையில் இருந்தது அதே கும்பல்தான். லேண்ட்லைனில் அழைப்பை வாங்கியவர் சரிபார்க்க வேண்டுமென்றால் வேறொரு போனிலிருந்து அடிக்க வேண்டும், அது இல்லையென்றால் நன்றாக நேரம் விட்டு, முதலில் தெரிந்த ஒருவருக்கு அடித்துக் குரலைக் கேட்டுவிட்டு அடிக்க வேண்டும். கவுன்டரில் கேட்டால் வீட்டு ரிப்பேருக்கு என்று சொல்லும்படியும் பழக்கியிருப்பான், வங்கி ஊழியர்களே திருடர்கள் என்று கதை கட்டுவது அதற்குத்தான். போலீஸோ வங்கியோ எந்தக் காலத்திலும் பணம் எடுத்து வரச் சொல்ல மாட்டார்கள், அட்டையையோ பின் எண்ணையோ வாங்கிப் போக ஆள் அனுப்ப மாட்டார்கள்.

சத்தியத்தை மீறித்தான் ஆக வேண்டும், அப்பாவிடம் சொல்லிவிட்டே மீறுங்கள். பணம் வாங்க வந்த பையன் உங்கள் வாசலில் நின்றிருக்கிறான், எதிர்வீட்டுக் கேமராவில் பதிவாகியிருக்கலாம், அந்தப் பதிவுகள் சில வாரங்களில் அழிந்துவிடும். இன்றே 101க்குச் சொல்லுங்கள், மோசடிப் புகார் எண் 0300 123 2040லும் பதிவு செய்யுங்கள். வங்கிக்கு 159 அடித்தால் பெரும்பாலான வங்கிகளுக்கு நேராக இணைப்பார்கள். 2024 அக்டோபர் 7 முதல் ஏமாற்றி அனுப்ப வைத்த பணத்தை 85,000 பவுண்ட் வரை வங்கி திருப்பித் தர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது, ஆனால் அது கணக்கிலிருந்து கணக்குக்கு அனுப்பிய பணத்துக்கு, கையில் கொடுத்த ரொக்கம் அதில் வராது. இருந்தாலும் எழுத்தில் புகார் கொடுங்கள். 74 வயதுக்காரர் வழக்கத்துக்கு மாறாக இவ்வளவு ரொக்கம் எடுக்கும்போது கவுன்டரில் என்ன கேட்டார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதில் திருப்தி இல்லையென்றால் வங்கிகள் மேலான புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மனுக்கு இலவசமாகப் போகலாம், 0800 023 4567.

அப்பாவின் மனசுக்கு, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் 'விக்டிம் சப்போர்ட்' 0808 16 89 111 இருக்கிறது, மொழிபெயர்ப்பாளரோடு பேச ஏற்பாடு செய்வார்களா என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள். அதைவிட, அவர் வயது நண்பர் யாராவது கோயிலிலோ நூலகத்திலோ இருந்தால் இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வையுங்கள். இதே மாதிரி ஏமாந்தவர்கள் நம் ஆட்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒருவர் வாய் திறந்தால் மற்றவரும் திறப்பார்.

இன்னொரு அழைப்பு வரும், அதற்கும் தயாராக இருங்கள். ஒருமுறை ஏமாந்தவரின் எண்ணை இந்தக் கும்பல்கள் ஒன்றுக்கொன்று விற்கின்றன. 'உங்கள் 6,000 பவுண்டை மீட்டுத் தருகிறோம், ஃபீஸ் மட்டும் முன்னால் கட்டுங்கள்' என்று வக்கீல் பெயரிலோ போலீஸ் பெயரிலோ பேசுவார்கள். பணத்தை எப்படியாவது திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும் என்று தவிக்கிற அப்பா அதையும் நம்பிவிடக்கூடும். லேண்ட்லைனுக்கு அழைப்புத் தடுப்பான் போடுங்கள், இல்லையென்றால் எண்ணை மாற்றுங்கள். அப்படி ஓர் அழைப்பு வரும், வந்தால் அது அதே திருடர்கள்தான் என்று இன்று இரவே அவரிடம் சொல்லிவிடுங்கள்.